ஏழே ஏழு காரணங்கள்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கோர்ட்டில் அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் செய்கிற சத்தியத்தைவிட இது ஒரு பிடி உயர்ந்தது. இதைச் சொல்லும்படி யாரும் யாரையும் மிரட்டவில்லை.

ஹோசியா பெட்டிக்ரூ மிசிசிப்பியில் ஒரு கெளுத்தி மீன் ஆலையில் பதினெட்டு வருஷம் தோல் உரித்தவர். கணுக்கால் வரை ஐஸ் தண்ணீர், காதுக்குள் இயந்திர இரைச்சல். ஒரு நாள் இடது கட்டைவிரலின் நுனியை அந்த இயந்திரம் எடுத்துக்கொண்டது. மீதி விரலை விட்டுவைத்ததற்காக அவர் அதற்கு நன்றி சொன்னார். அப்படிப்பட்ட சுபாவம்.

ஒரு திங்கட்கிழமை வேலை முடிந்து வரும் வழியில், வண்டியின் பின்விளக்கு எரியவில்லை என்று பிடித்துக்கொண்டுபோய் ஜெயிலில் வைத்தார்கள். விலங்கை ஒரு பல் தளர்த்திப் பூட்டிய போலீஸ் டெபுடிக்கு, "ரொம்ப நன்றிங்கய்யா" என்றார். பிறகு அங்கிருந்த போனில் மெம்ஃபிஸில் இருக்கும் தங்கை வெர்லீனைக் கூப்பிட்டார்.

"ஜெயில்லருந்தா பேசுற? என்னண்ணே செஞ்ச?"

"வெளக்கு எரியலயாம். அத விடு. சனிக்கிழம நடந்ததக் கேளு. லெஸ்டரக் கொன்னுட்டேன்!"

"நெசமாவா! அந்த வாய்க்கொழுப்பெடுத்தவனையா?"

"கையில அஞ்சு எலும்போட அப்படியே உக்காந்துட்டான். மிச்ச எலும்பெல்லாம் இடுகாட்டுல. அழாத கொறதான்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! எனக்கும் ஒரு நாள் அவனக் கொல்லணும்ணே."

தேவாலயத்துக்குப் பின்னால் பீக்கன் மரத்தடியில் டோமினோ ஆடுகிறவர்களுக்கு அந்தப் புள்ளிக்கட்டைகள் எலும்பு. எடுக்காமல் கிடக்கும் குவியல் இடுகாடு. ஜெயிப்பது கொல்வது. தொடர்ந்து பதினோரு சனிக்கிழமை லெஸ்டர்தான் ஹோசியாவைக் கொன்றிருந்தான். பன்னிரண்டாவது சனிக்கிழமை தோற்றவன், மறுநாள் காலை பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் ஊரைவிட்டுக் காணாமல் போயிருந்தான். ஜெயில் போனில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்று சுவரில் எழுதியிருந்தது. ஹோசியா அதைப் படித்தும் இருந்தார். ஒளிப்பதற்கு அவரிடம் என்ன இருக்கிறது?

போன் பதிவைக் கேட்டுக் கொலைக் கேஸ் போட்டார்கள். ஆலை அவர் இடத்தில் வேறு ஆளை நிறுத்தியது. ஹோசியாவுக்காக வாதாட அரசாங்கம் கொடுத்த வக்கீல் இரண்டாம் முறை பார்க்க வந்தபோதுதான் ஹோசியாவின் பெயரைச் சரியாகச் சொன்னார்.

"குத்தத்த ஒத்துக்கிட்டா இருவது வருஷம். ஒத்துக்கலன்னா ஆயுசுக்கும் உள்ள. யோசி, ஹோரஸ்... ஹோசியா."

"எலும்புன்னா டோமினோங்கய்யா."

"அத யார் நம்புவா?"

"ஆடுனவங்க நம்புவாங்க."

ஆடினவர்கள் நடுவர் குழுவில் வரவேண்டுமே. கூப்பிட்ட கூட்டத்தில் ஹோசியாவைப் போலக் கறுப்பர்கள் எட்டுப் பேர். நிறத்துக்காக யாரையும் நீக்கக்கூடாது, வேறு காரணம் சொல்லவேண்டும் என்பது சட்டம். கேஸ் நடத்திய எதிர்த்தரப்பு அரசு வக்கீல் சட்டத்தை மதிப்பவர். காரணங்களைத் தட்டச்சு செய்த ஒரு தாளோடுதான் வந்திருந்தார். முதல் ஆள் தலையைக் குனிந்திருந்தார், நீக்கு. அடுத்தவர் நேருக்கு நேர் பார்த்தார், நீக்கு. ஒருவருக்குத் தாடி. ஒருத்திக்குப் பளபளக்கிற சட்டை. ஒருவர் மீன் ஆலையில் வேலை. ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருத்தி சூயிங்கம் மென்றாள். அதேபோல் சூயிங்கம் மென்றுகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், மீன் ஆலைக் கணக்கரும்கூட, சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்து நடுவரானார்.

"காரணம் நிறம் இல்லையே?" என்று ஒவ்வொரு முறையும் நீதிபதி கேட்டார்.

"சேச்சே, இல்லவே இல்ல, கனம் நீதிபதி அவர்களே."

எட்டாவதாக எழுந்தவர் எர்னஸ்டீன் கேடிஸ், பள்ளிக்கூடச் சமையல்காரி. அரசு வக்கீல் தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஏழு காரணங்களும் தீர்ந்துவிட்டன. பின்பக்கம் வெற்றுத்தாள். காரணம் இல்லாமல் நீக்க அவருக்கு மனம் வரவில்லை. எர்னஸ்டீன் தன் பெரிய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பதினோரு வெள்ளைக்காரர்களோடு பன்னிரண்டாவதாக உட்கார்ந்தார்.

வழக்கு ஒரே காலைப் பொழுதில் முடிந்தது. ஒலிநாடாவைப் போட்டுக் காட்டினார்கள், "கொன்னுட்டேன்" என்ற இடத்தை மட்டும் மூன்று தடவை. நடுவர்கள் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஹோசியா சுவரோரம் காத்திருந்தார். அரை மணி கழித்து ஒரு சத்தம்.

பளார்!

அவர் முதுகு நிமிர்ந்தது. மரமேஜையில் எலும்பை ஓங்கி அடிக்கிற சத்தம். அடித்த வேகத்தைப் பார்த்தால் இரட்டை ஆறு போட்ட கட்டை.

"அது எடுபடாது தம்பி, இடுகாட்டுலருந்து இன்னொரு எலும்பு எடு" என்று சுவருக்கு அப்பால் எர்னஸ்டீனின் குரல். அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்று அவருக்கு இப்போது புரிந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறையில் கூச்சல் காதைப் பிளந்தது. "கொன்னேன் பாரு உன்ன!" என்று ஆலைக் கணக்கர் கத்தினார். "என் எலும்ப எடுத்து நீயே பொதைச்சுக்கோ!" என்றார் ஒரு சோயா விவசாயி. காவலர் துப்பாக்கியோடு கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். உள்ளே பன்னிரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். கணக்கரின் முகம் மட்டும் சிவந்து போயிருந்தது.

"இப்பத்தான் நீங்க இவரக் கொன்னீங்க" என்று கணக்கரிடம் விவசாயியைக் காட்டிச் சொன்னார் எர்னஸ்டீன், கட்டைகளைப் பைக்குள் அள்ளியபடி. "ஒங்களுக்கு எத்தன வருஷம் போடலாம்?"

குற்றமில்லை என்று தீர்ப்பு.

ஹோசியா நீதிபதிக்கு நன்றி சொன்னார். வக்கீலுக்கும் காவலருக்கும் சொன்னார். அரசு வக்கீலிடம் போய், "ஏழோட நிறுத்துனீங்களே, அதுக்கு ரொம்ப நன்றிங்கய்யா" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். எர்னஸ்டீனுக்கு முன்னால் வந்து நன்றி சொல்ல வாயெடுத்தார். வெர்லீன் முந்திக்கொண்டு, அந்த அம்மாளைக் கைப்பையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"போதும், மூச்சு முட்டுது" என்றார் எர்னஸ்டீன். "சனிக்கிழம பீக்கன் மரத்தடிக்கு வாங்க. ஒங்கண்ணனக் கொல்லுறேன்."

சனிக்கிழமை போனார்கள். வறுத்த மீனும் சோள ரொட்டியும் மேஜையில் ஆவி பறக்க இருந்தன. சந்தைக்கடை போன்ற அந்தக் கூச்சலுக்கு நடுவில், டெட்ராய்ட் பஸ்ஸிலிருந்து பெட்டியும் கையுமாக இறங்கி வந்தான் லெஸ்டர். "ஒரு ஆட்டந்தானேடா தோத்தேன், அதுக்குள்ள பொதைச்சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு ஏழு எலும்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஹோசியா அவனுக்கும் நன்றி சொன்னார்.

அரசு வக்கீலின் தாள் இன்னும் வழக்குக் கட்டில் இருக்கிறது. அதில் இப்போது காரணங்கள் எட்டு. எட்டாவது, வெற்றாக இருந்த பின்பக்கத்தில் பிறகு பேனாவால் எழுதியது: கைப்பை பெரியது.