கடல்நாய்கள் நித்திரை கொள்ளும் அறை

என் அக்கா நிலக்சியை மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாகப் பார்ப்பதற்குக் கடல்நாய் அருங்காட்சியகத்தைத் தெரிவு செய்தவர் சம்பந்தம் பேசித் தந்த சந்திரவதனா அன்ரி. முறைப்படி இது கோயிலில் நடக்க வேண்டும். இரண்டு வீட்டாரும் ஒரே நேரத்தில் கும்பிட வந்து, "ஆ, நீங்களும் வந்தனீங்களோ!" என்று வியக்க வேண்டும். சாதகம் பொருந்தி மூன்று கிழமை ஆனதை இரு பக்கமும் மறந்துவிட வேண்டும். ஆனால் ரொறன்ரோவில் கோயிலுக்குப் போனால் அங்கே ஏற்கெனவே நாலு குடும்பங்கள் தற்செயலாக நிற்கும்.

"கடல்நாய் பாக்க எங்கட சனம் ஒண்டும் வராது," என்றார் அன்ரி. மறுக்க முடியாத வாதம்.

அக்காவுக்கு முப்பத்தொரு வயது. இதற்கு முன் ஒன்பது தற்செயல்கள் நடந்துவிட்டன. காரில் வரும்போது அவள் அம்மாவிடம் முடிவாகச் சொன்னாள்.

"இதுதான் கடைசி. மனசுக்குப் பிடிச்சால் ஓம் எண்டுவன். இல்லாட்டி இனி ஒருத்தருக்கும் என்னைக் காட்டக் கூடாது."

"சரி பிள்ளை," என்றார் அம்மா. அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் சரி சொன்னதில்லை.

அருங்காட்சியகம் என்பது ஸ்காபரோவில் மண்மலைகளின் அடியில், ஏரிக்கரையில் இருக்கும் ஒரு பழைய படகுக் கொட்டகை. அந்த ஏரியில் கடல்நாய் கிடையாது. அதை நடத்தும் றொபேட் என்ற வெள்ளைக்காரக் கிழவருக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. மறுகரை தெரியாவிட்டால் கடல்தானே என்பார். அன்று காலை மூடுபனி. இந்தக் கரையும் தெரியவில்லை.

உள்ளே ஒரு யானைக் கடல்நாயின் எலும்புக்கூடு தூண்டில் நரம்பில் தொங்கி, மிக மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. யானைக் கடல்நாய் ஆழக்கடலில் நாளுக்கு இரண்டு மணித்தியாலம்தான் தூங்குமாம். மூச்சை அடக்கிக் கீழே போய், மல்லாந்து, உதிர்ந்த இலைபோலச் சுழன்று சுழன்று தாழுமாம், அதுதான் அதன் நித்திரை. சுவரில் அப்படி எழுதியிருந்தது. நடுவில் எதையாவது வைத்தால் அம்மாவின் கால்கள் அதை வலமாகத்தான் சுற்றும். அவர் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு மூன்று தரம் சுற்றினார். றொபேட் பார்த்தார். பிறகு மரியாதைக்குத் தானும் சப்பாத்தைக் கழற்றினார்.

கொட்டகையின் கோடியில் ஒரு கறுப்புத் திரை. அதற்குப் பின்னால் ஒலி அறை. நீல வெளிச்சம், உட்கார ஒரு மரவாங்கு, இரண்டு ஹெட்போன். தண்ணீருக்கு அடியில் கடல்நாய்கள் பாடுவதைக் கேட்கலாம். அம்மா திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"வந்திட்டார். நீலச் சேட்டு."

மாப்பிள்ளை நீலச் சேட்டுப் போட்டு வருவார் என்று அன்ரி சொல்லியிருந்தார், அதுதான் அடையாளம். மாப்பிள்ளையின் படம் யாரோ ஒருவரின் கலியாணத்தில் கறுப்புக் கண்ணாடியுடன் எடுத்தது, அதை வைத்துக் கறுப்புக் கண்ணாடியை மட்டுமே அடையாளம் காணலாம். பெயரைக் கேட்டு உறுதிப்படுத்தவும் வழியில்லை. கேட்டால் அது தற்செயல் ஆகாது.

"தாய் தகப்பன் எங்கயம்மா?"

"கார் பார்க் பண்ணுவினம். நீ திரையடியில நில்லு. அக்கா போகட்டும்."

அக்கா உள்ளே போனாள். நான் திரையின் இடுக்கில் நின்றேன். அவன் நேராக இருந்தான், கைகள் முழங்காலில், கண்கள் மூடி. அக்கா மற்ற ஹெட்போனைப் போட்டதும் கண்ணைத் திறந்தான். தன்னுடையதைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"அதில ஒரு பக்கம் வேலை செய்யாது. இதைப் போடுங்கோ. இப்ப தாடிக் கடல்நாய் வரும்."

அவ்வளவுதான் பேச்சு. முந்தின ஒன்பது பேரும் சம்பளம், சமையல், வீடு மார்க்கம் நகரிலா என்ற ஒழுங்கில் கேட்டவர்கள். இவன் ஒரு காதால் கேட்டுக்கொண்டு மறுபடி கண்ணை மூடினான். ஹெட்போனிலிருந்து கசிந்து எனக்கும் கொஞ்சம் கேட்டது. நீண்ட விசில் ஒன்று உயரத்தில் தொடங்கி, வளைந்து வளைந்து இறங்கியது. நீல வெளிச்சம் சுவரில் அசைந்தது. அக்காவின் தோள்கள், சாதகம் எழுதிய நாளிலிருந்து தூக்கியபடி இருந்தவை, ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் இறங்கின. பக்கத்தில் இருந்தவனின் தலையும் இறங்கியது. நித்திரையாகிவிட்டான்.

"என்ன கதைக்கினம்?" என்று அம்மா பின்னாலிருந்து கேட்டார்.

"ஒண்டும் இல்லை."

"அடக்கமான பொடியன்."

அப்போது வாசல் கதவு திறந்தது. பனியோடு ஒரு பட்டுச் சேலை உள்ளே வந்தது. பின்னால் ஒரு கோட்டு, அதற்குப் பின்னால் ஒரு நீலச் சேட்டு.

"ஆ! நீங்களும் இஞ்சையோ! என்ன அதிசயம்!" என்றார் பட்டுச் சேலை. "ஸ்ரௌவ்வில்லில இருந்து வர ஒரே பனிப்புகார், தெருவே தெரியேல்லை. இவன் எங்கட வினோதன்."

"அட, நீங்களோ!" என்றார் அம்மா, பழக்கத்தில். சிரித்த வாய் அப்படியே நின்றது. மெல்லத் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். "அப்ப உள்ளுக்கை இருக்கிறது ஆர்?"

நான் றொபேட்டிடம் கேட்டேன். அவருக்கு அதைச் சொல்வதில் பெருமை. றொய்சன், பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை, சனிக்கிழமை தோறும் நித்திரைக்கு நேரே இங்கே வந்துவிடுவான். அவன் இருக்கும் பேஸ்மென்டுக்கு மேலே மூன்று குழந்தைகளாம். "அவனுக்காகத்தான் அந்த அறையில் ஹீட்டர் போடுகிறேன்," என்றார் ஆங்கிலத்தில்.

அம்மாவுக்கு அதில் ஒரு சொல்தான் கேட்டது. "றொய்சனோ? வேதக்காரரோ? சேர்ச்சுக்குப் போற ஆக்களோ?"

நான் உள்ளே போனேன். அக்கா ஒரு பக்க ஹெட்போனைத் தூக்கினாள்.

"அக்கா, ஆள் மாறிப்போச்சு. உண்மையான ஆள் வெளியில நிக்குது."

"தெரியும்டா. ‘ஆரும் என்னட்டை ஒண்டும் கேக்காத இடம் இதுதான்’ எண்டு நித்திரையில புலம்பினவர். பொம்பிளை பாக்க வந்தவர் அப்பிடிச் சொல்லுவாரோ? பாவம், அவர் தப்பி வந்த மனுசன்."

"அப்ப வா."

அவள் உடனே எழவில்லை. அவனைப் பார்த்தாள். மூச்சு நீளமாக, இடைவெளி விட்டு வந்துகொண்டிருந்தது. பிறகு ஹெட்போனைச் சத்தமில்லாமல் வாங்கில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

எங்கள் வழக்கத்தில் பெண் அந்த இடத்தில் பதில் சொல்வதில்லை. பதில் மூன்று நாள் கழித்து அன்ரி மூலம் போனில் போகும். அக்கா நேரே வினோதனின் முன்னால் போய் நின்றாள்.

"இவ்வளவு தூரம் வந்தனீங்கள், குறை நினைக்காதேங்கோ. எனக்கு இது சரிவராது. உங்களில ஒரு பிழையும் இல்லை."

பட்டுச் சேலை அம்மாவைப் பார்த்தது. அம்மா எலும்புக்கூட்டைப் பார்த்தார். வினோதன் நெடுநேரம் நீருக்கடியில் இருந்தவன் போல ஒரு மூச்சு விட்டான்.

"பரவாயில்லை," என்றான். "வந்ததுக்கு நான் ஒருக்கா எல்லாத்தையும் சுத்திப் பாக்கட்டோ?"

அதையே றொபேட்டிடம் ஆங்கிலத்தில் கேட்டான். அவர் ஓட்டமாக வந்து அவனையும் தாய் தகப்பனையும் அழைத்துப்போனார். அந்த வருடம் அவரிடம் அப்படிக் கேட்டவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

அம்மா அக்காவின் முழங்கையைப் பிடித்தார். "பிள்ளை, பிடிச்சால் ஓம் எண்டுவன் எண்டனீ."

"பிடிச்சிருக்கம்மா."

"ஆரை?"

அக்கா திரையைப் பார்த்தாள்.

"உனக்கென்ன விசரோ? அவன்ர ஊர் தெரியாது, சனம் தெரியாது. அவனுக்கு நீ ஆரெண்டே தெரியாது!"

"ஓம். அவருக்கு விருப்பமோ எண்டும் தெரியாது. எழும்பட்டும், கேக்கிறன்."

"இப்பவே எழுப்பிக் கேள். தம்பி, நீ போய் எழுப்பு."

"ஒருத்தரும் எழுப்பக் கூடாது," என்றாள் அக்கா. "இரவு முழுக்க வேலை செய்த மனுசன்."

அம்மா போய்த் திரைக்கு முன்னால் இருந்த நீள வாங்கில் இருந்தார். அக்கா பக்கத்தில் இருந்தாள். நான் நிலத்தில். யன்னலுக்கு வெளியே ஏரியும் வானமும் ஒரே வெள்ளையாக இருந்தன. உள்ளேயிருந்து ஏதோ ஒரு கடல்நாய் இறங்கி இறங்கிப் பாடியது.

வெகுநேரத்துக்குப் பின் நான் தும்மப் போனேன். அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினார்.

"மெல்ல," என்றார். "பொடியன் எழும்பப் போறான்."