கெட்டிமேளத்துக்கு முன்னால்

என் கல்யாணத்துக்கு மேளம் வேண்டாம் என்று நான் சொன்னபோது குதித்திருக்க வேண்டியது அம்மா. குதித்தது அப்பா.

"நாதஸ்வரம் இல்லாம தாலி கட்டுறதா? கல்யாணமா, காரியமா?"

"ஸ்பீக்கர் வெச்சுக்கலாம்பா. பாட்ட நானே வெட்டி ஒட்டித் தரேன். பக்கத்து வீட்டு குணவதி கல்யாணத்துல பாத்தீங்கல்ல, பொண்ணு நடந்து வரும்போது குத்துப்பாட்டு வாசிச்சானுங்க. அதுக்கு ஆள் வேற கூப்புடணுமா?"

"ஐயர் வெரல ஆட்டுனா மேளக்காரன் பாத்து அடிப்பான். ஒன் ஸ்பீக்கருக்குக் கண்ணு இருக்கா?"

கீழே உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னார்:

"அவ சொல்றதுதான் சரி. மேளம் வேணாம்."

நான் திரும்பிப் பார்த்தேன். நான் எது சொன்னாலும் முதலில் எதிர்ப்பவர் உமையாள், என் அம்மா. எங்கள் ஊர் பாடாங் செராயில் எந்தக் கோயிலில் தவில் சத்தம் கேட்டாலும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுபவரும் அவர்தான். அவருக்கா மேளம் வேண்டாம்?

இந்த இடத்தில் ஜீவனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். செர்டாங் ஊர்க்காரன். நாங்களே பார்த்து, நாங்களே முடிவு செய்த கல்யாணம். நல்லவன்தான். எங்கள் குடும்பத்திலேயே பல்கலைக்கழகத்தை எட்டிப் பார்த்தவள் நான் ஒருத்தி. இப்போது பினாங்கில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. கல்யாணம் முடிந்த கையோடு சேர வேண்டும். வார நாட்களில் அங்கேதான் தங்க வேண்டியிருக்கும். ஜீவனிடம் கேட்டால் "பாப்போம் லா" என்கிறான். பாப்போம் என்பது என்ன பதில்? அவனுடைய அம்மா இதற்குள் செர்டாங் வீட்டில் எங்கள் அறைக்குத் திரைச்சீலை மாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கெட்டிமேளத்துக்கு நல்ல ஒலிப்பதிவு தேடினேன். இணையத்தில் கிடைத்ததெல்லாம் பாதியிலேயே அறுந்தது. அம்மா அப்பாவின் கல்யாண வீடியோ ஞாபகம் வந்தது. பழைய நாடாவிலிருந்து சிடிக்கு மாற்றி வைத்திருந்தோம். தோட்டத்துக் கோயில், சிமெண்டுத் தரை, காகிதத் தோரணம். ஐயர் விரலை உயர்த்தி ஆட்டினார். தவில் வெடித்தது. அப்பா குனிந்து முடிச்சுப் போட்டார். அந்த நேரத்தில் அம்மா முகத்தைத் திருப்பி அப்பாவிடம் என்னவோ சொன்னார். ஒரு வார்த்தை இல்லை, ஒரு முழு வாக்கியம். அப்பா தலையாட்டினார்.

திருப்பித் திருப்பி ஓட்டினேன். காதுக்குள் ஹெட்போனை அழுத்திக்கொண்டும் கேட்டேன். மேளத்தைத் தவிர எதுவுமே இல்லை.

"அம்மா, தாலி கட்டும்போது அப்பாகிட்ட என்ன சொன்ன?"

"காலு மரத்துப்போச்சுன்னு சொல்லிருப்பேன்."

"கால் மரத்தா மூஞ்சி அப்பிடியா இருக்கும்?"

"ஒனக்கு வேற வேலயே இல்லியா? வந்து மீன ஆஞ்சு குடு."

விடுவேனா? காப்பிக் கோப்பையோடு வந்த அப்பாவை இழுத்து உட்கார வைத்தேன்.

"அட, எவ்ளோ ஒல்லி பாரு நான்!"

"அத விடுங்கப்பா. அம்மா என்ன சொன்னாங்க?"

"யாருக்குத் தெரியும்? தவில்காரன் என் காதுக்குள்ளாறயே அடிச்சான். ஒண்ணும் கேக்கல."

"அப்பறம் எதுக்குத் தலையாட்டுனீங்க?"

"கல்யாணத்தன்னிக்கி மாப்பிள்ள எல்லாத்துக்கும் தலையாட்டத்தான் செய்வான் லா." அப்பா சிரித்தார்.

அம்மாவின் கை நின்றுவிட்டது.

"கேக்கலியா?"

"என்னா?"

"பரீட்ச எழுத அனுப்புவீங்களான்னு கேட்டேன். நீங்க தலையாட்டுனீங்க."

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து மலாய் இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் போனதால், பதினெட்டு வயதில் அம்மா பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் இருந்தார். அது எனக்குத் தெரியும். படிப்பு ஏறவில்லை, நின்றுவிட்டேன் என்று அவர் சொல்லித்தான் நம்பியிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வந்த இறுதிப் பரீட்சையன்று விடியலில் பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாராம். அப்பா அதற்கு முன்பே செம்பனைக் குலை ஏற்றும் லாரியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். தோட்டத்திலிருந்து பள்ளிக்குப் போக வேறு வண்டி இல்லை.

"சத்தியமா கேக்கல, உமையா." அப்பா கோப்பையைத் தரையில் வைத்தார். "இன்னொரு தரம் கேட்டிருக்கலாமே நீ."

"சரின்னு தலையாட்டிட்டு வாக்கு மாறிட்டார்னு நெனச்சேன். வாக்கு மாறுன ஆள்கிட்ட திரும்ப என்னத்தக் கேக்கறது?"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. தும்மல், அழுகை, அபசகுனமான பேச்சு எதுவும் காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம் என்பார்கள். கல்யாணப்பெண்ணின் கேள்வியும் அந்தக் கணக்கில் சேர்த்தியா?

"அதான் சொல்றேன்," என்றார் அம்மா என்னைப் பார்த்து. "நீ எதாச்சும் கேட்டா அவனுக்குக் கேக்கணும்."

"தாலி கட்டுற வரைக்கும் நான் ஏம்மா காத்திருக்கணும்?"

போனை எடுத்து ஜீவனுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். கார் கழுவிக்கொண்டிருந்தான். பின்னால் பாட்டு அலறியது.

"மொதல்ல அத நிறுத்து."

"என்னா லா, சண்டையா?" என்றபடி நிறுத்தினான். இங்கே அப்பா எழுந்து போய், கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியை அணைத்தார்.

"நான் பினாங்குக்குப் படிக்கப் போறேன். வார நாள்ல அங்கதான் தங்குவேன். சம்மதமா, இல்லியா?"

திரையில் ஜீவன் மெதுவாகத் தலையாட்டினான்.

"தலையாட்டாதீங்க தம்பி!" என் முதுகுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல். மீன் கையோடு எழுந்து வந்துவிட்டார். "வாயத் தொறந்து சொல்லுங்க."

அவன் மிரண்டுபோனான். "போகட்டும் அத்த, நான் ஒண்ணும்..."

"என்கிட்ட இல்ல. அவகிட்ட."

தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவன் முடியாது என்றால் இந்தக் கல்யாணம் இல்லை. அது எனக்கு அப்போதுதான் நிச்சயமாகத் தெரிந்தது.

"எனக்குப் புடிக்கலதான் ரூபினி. வாரம் பூரா நான் தனியா கெடக்கணும். ஆனா நீ போ. போய்ப் படி. எங்கம்மாகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன்."

"சொல்லிட்டு எனக்குப் போன் பண்ணு," என்று வைத்தேன்.

அம்மா நெத்திலிக்குத் திரும்பினார்.

"இப்ப அந்த மேளக்காரங்கள வரச் சொல்லுங்க. காது கிழியற மாதிரி அடிக்கட்டும்."

அப்பா காற்றாடியைத் திரும்பப் போட மறந்துவிட்டார். வியர்வை வழிய, மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, மேளச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணின் உதடுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.