உயிருள்ளவளுக்குத் திதி

"கா... கா..." என்று கத்திக் கத்திப் பரந்தாமனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆவடிக்குப் பக்கத்துச் சேக்காட்டில் அத்தனை காக்கைகள் இருந்தும், ஒன்றுகூட அவன் வைத்த சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. எரிச்சலைப் பெண்டாட்டி வசந்தா மேல் காட்டினான்.

"வடையில உப்பு போட்டியா இல்லியா? செத்துப்போன என் தங்கச்சிக்கே புடிக்கல போல கீது."

காய்ச்சலில் செத்ததாகச் சொல்லப்பட்ட நாத்தனார் கன்னியம்மாளுக்கு, கல்யாணமாகி வந்த நாலு வருஷமாக வசந்தாதான் சமைத்துப் படைக்கிறாள்.

அப்போது பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஆயா முத்தம்மாள், ஆவடியில் ரயிலிறங்கி நடந்த களைப்போடு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு சர்க்கார் காகிதம்.

"பரந்தாமன்றது நீங்கதானா நைனா? மூணு கடுதாசி போட்டும் பதிலில்ல. உங்க தங்கச்சி கன்னியம்மாளுக்கு நல்லா கொணமாயிட்ச்சு. ரெண்டு வருசமா வார்டுக்கே அதுதான் கஞ்சி காச்சுது. ஒறவுக்காரங்க பொறுப்பேத்துக்கினு கையெயுத்துப் போட்டா உட்டுடுவாங்க. இல்லன்னா சாவுற மட்டும் அங்கதான்."

வசந்தா இலையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். காக்கைகளுக்காவது கொஞ்சம் விவரம் இருந்திருக்கிறது.

ஊர்ப் பஜனையில் முன்னால் நின்று தாளம் போடுகிற அந்தப் பெரிய மனிதன் கொஞ்சமும் கூசவில்லை.

"பெத்த கொயந்தைய கெணத்துல போட்டவ. பைத்தியம்னு கோர்ட்டே உள்ள வச்சிச்சு. அன்னிக்கே தலமுயுகி கருமாதி பண்ணிட்டேன். கருமாதி பண்ணவள ஊட்டுல சேத்தா குடும்பம் வெளங்குமா?"

"புள்ள பெத்த பத்தாம் நாளு புத்தி கலங்கிப் பண்ணது நைனா. இன்னிக்கும் அத நென்ச்சி அயுவுது."

தன் பிள்ளைக்குப் பத்து நாளானபோது, கிணற்றடிக்குப் போகவே பயந்து, உள்ளே தாழிட்டுக்கொண்டு கிடந்தவள் வசந்தா. அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இந்த மகானுபாவன் அவளுக்கும் ஓர் இலை போட்டிருப்பான்.

"அண்ணன்தான் கையெயுத்துப் போடணும்னு காயிதத்துல கீதா?" என்று ஆயாவைக் கேட்டாள்.

"ஒறவுன்னுதாம்மா கீது."

"நீ போட்டின்னா நீயும் இந்த ஊட்ல கெடயாது" என்றான் பரந்தாமன்.

வசந்தா மிஷன் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவள். காகிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். காக்கை தொடாத சோற்றை இலையோடு மடித்து ஆயாவிடம் கொடுத்தாள்.

"அவங்க பேர்ல படச்சது, அவங்களுக்கே குடுங்க" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த திதிக்கு வடையில உப்பு சரியா கீதான்னு அவங்களையே கேட்டுக்குங்க."