பாதி வண்டி

'எதிராளியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வக்கீலைத் தேடிப் போகிறவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.' நேசபாய்க்குச் சிரிப்பு வந்தது. பின்னால் இருப்பவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்தபடி ஸ்கூட்டரை ஓட்டினாள்.

கொட்டாரத்தில் அவளும் நாகம்மையும் சேர்ந்து பலகாரக் கடை வைத்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. முந்திரிக்கொத்தைப் பெட்டியில் அடைத்துப் பெரிய கடைகளுக்கு அனுப்பலாம் என்றாள் நேசபாய். அன்று சுட்டதை அன்றே விற்கவேண்டும் என்றாள் நாகம்மை. கல்யாண ஆர்டர் கொடுக்க வந்தவர்கள் முன்னாலேயே வார்த்தை தடித்துப்போயிற்று. பிரிந்துவிடுவது என்றானது.

கோர்ட்டுக்குப் போனால் இழுத்துக்கொண்டே போகும். வெளியிலேயே பேசித் தீர்த்துவைக்கும் வக்கீலைத் தேடினார்கள். முதலில் கிடைத்தவர் நேசபாயின் சபைக்காரர், நாகம்மை ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் நாகம்மைக்குத் தூரத்துச் சொந்தம். நேசபாய் மாட்டேன் என்றாள். கடைசியில் இருவருக்கும் ஒட்டும் உறவும் இல்லாத ரெனிஷா கோட்டாறில் அகப்பட்டாள்.

காலையில், "நீ பஸ்ஸுல வா" என்றுதான் நேசபாய் சொல்லிப்பார்த்தாள். ஸ்கூட்டர் கடைக்காக வாங்கியது.

"பாதி வண்டி எனக்க. எனக்க பாதியில நான் இருப்பேன், நீ ஓட்டு" என்று நாகம்மை ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது.

"ஏட்டி, மெல்லப் போ. என்னைத் தள்ளிவிட்டுக் கொன்னா மொத்தப் பங்கும் உனக்குன்னு நெனச்சியா?"

"உன்னைக் கொன்னுட்டு நாளைக்குப் பாகு யாரு காச்சுவா, சவமே?"

சொன்ன பிறகுதான் நாளை என்று ஒன்று இல்லை என்பது நேசபாய்க்கு உறைத்தது. தோளைப் பிடித்திருந்த கையை நாகம்மை எடுக்கவில்லை.

ரெனிஷா இருவரையும் உட்காரவைத்து, "எதிர்த்தரப்பு எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

"நாந்தான் அது" என்றாள் நாகம்மை. மூவருமே சிரித்துவிட்டார்கள்.

அதன்பின் எல்லாம் சுலபமாகவே நடந்தது. கடை நேசபாய்க்கு. பாத்திரங்களும் அடுப்பும் நாகம்மைக்கு. வண்டி நேசபாய்க்கு, அதற்கு ஈடாகக் குளிர்பெட்டி நாகம்மைக்கு. யாரும் குரலை உயர்த்தவில்லை. நேசபாயின் மனம், விளக்கிக் கவிழ்த்த உருளிபோலச் சுத்தமாக இருந்தது.

"அக்கா, கடை உங்களுக்கு வருது. அப்படி வந்தா வழக்கமா ஒண்ணு கேப்பாங்க. மூணு வருஷத்துக்கு அவங்க கொட்டாரத்துல பலகாரத் தொழில் செய்யக்கூடாதுன்னு சேக்கணுமா? அவங்க ஒத்துக்கிட்டா எழுதலாம்" என்றாள் ரெனிஷா.

அது இல்லாமல் கையெழுத்துப் போடாதே என்று கணவர் குமாரதாஸ் நேசபாயிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். நாகம்மை மறுக்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாகு தெறித்த வடுக்கள் நிறைந்த கைகள். அவற்றுக்கு மூன்று வருடம் வேறென்ன வேலை இருக்கும்? எதிர்ச்சாரியில் அவள் அடுப்பு மூட்டினால் வியாபாரம் குறையும்தான். ஆனால் வெல்லப்பாகின் மணம் தெருவைக் கடந்து வரும். அதை நினைத்ததும் நேசபாய்க்கு இதமாகவே இருந்தது.

"சேக்கணுமாக்கா?"

"எழுதாண்டாம், மக்கா" என்றாள் நேசபாய், மெதுவாக.