கட்டுத்தரைச் சோதனை

பிலோமியின் பசு காலை உதறியதும் பால் சங்கத்தின் தர மேற்பார்வையாளர் சூசையப்பன் இரண்டடி பின்வாங்கினான். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் ஒன்றரை அடி முன்னால் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை ஆடியது. கொழிஞ்சாம்பாறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவனுக்கு அது எதற்கு என்று கேட்பாரில்லை. போன வருடம்வரை அதே சங்கத்தில் கேன் தூக்கியவன்.

செவ்வாய்தோறும் சங்கத்தில் பாலைச் சோதிப்பார்கள். தண்ணீர் கலந்திருப்பதாக லாக்டோமீட்டர் காட்டினால் மேற்பார்வையாளர் ஒரு வாரம் மதியக் கறவைக்கு அந்த வீட்டுக் கட்டுத்தரையில் நின்று, கண்ணெதிரே கறக்கவைத்து அளக்க வேண்டும். மூன்று முறை தவறினால் உறுப்பினர் அட்டை ரத்து. அட்டை போனால் தீவனம் கிடையாது, மாட்டு டாக்டர் வரமாட்டார், பாலை வாங்கவும் ஆளில்லை. அண்ணன் திருப்பூருக்குப் போய்த் திரும்பாத பிலோமிக்கு இருந்ததே இந்த இரண்டு மாடுகள்தான்.

மீட்டரில் இருபத்தாறுக்குக் குறைந்தால் தண்ணீர் என்று கணக்கு; முதல் முறை பிலோமியின் பாலுக்கு இருபத்துநான்கு வந்தது உண்மை. சூசையப்பன் சந்தேகத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தான். குடங்களைத் தட்டினான். கிணற்றுக்கயிறு ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, ஈரமாக இருந்ததைக் குறித்துக்கொண்டான். அவள் பசுவின் விலாவில் நெற்றியைச் சாய்த்து, கண்ணை மூடிக் கறந்தாள். இருபத்தெட்டு வந்தது. அன்றைக்கு மழைக்கு முளைத்த இளம்புல்லைத் தின்றதால் குறைந்திருக்கும் என்றாள். அந்த வாரம் முழுக்க இருபத்தெட்டுதான்.

வழக்கு அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த செவ்வாய் சங்கத்தில் கண் இருபத்தெட்டைப் பார்த்தது, கை இருபத்துநான்கு என்று எழுதியது. கெட்டிக்காரக் குற்றவாளியைத் தொடர்ந்து கண்காணிப்பது கடமை என்று அவன் தனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டான். கடமையை முன்னிட்டுப் புதுச் சட்டை எடுத்தான், சென்ட் அடித்தான். பசு உதறியது அந்த வாசனைக்காகவும் இருக்கலாம். நேற்றைய செவ்வாயும் கை அதையே எழுதியது. மூன்றாகிவிட்டது, நாளைக்குள் ரத்துப் படிவத்தை நிரப்பிவிடு என்று செக்ரட்டரி பிரதீப் சொன்னபோதுதான் அவனுக்கு எண்ணிக்கையே உறைத்தது. படிவம் இப்போது அவன் சட்டைப்பையில்.

பிலோமி பாலை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போய் ஒரு பழைய பள்ளி நோட்டையும், பொள்ளாச்சியில் வாங்கிய லாக்டோமீட்டரையும் கொண்டுவந்தாள்.

"ரெண்டு வாரமா நானும் அளந்துதானுங்க கொண்டாறேன். இங்க இருபத்தெட்டு, சங்கத்துக்கு வந்தா இருபத்திநாலு. தண்ணி ஊத்தறது யாருங்க சார்?"

சங்கத்தில் வெளிச்சம் போதாது என்றான். டியூப்லைட் புதுசு மாட்டியிருக்கிறார்களே என்றாள். லஞ்சம் எதிர்பார்க்கிறானோ என்று சந்தேகப்பட்டு போன வாரமே ஒரு பாட்டில் நெய் எடுத்து வைத்ததாகவும், அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்காததால் சந்தேகம் அதிகமானதாகவும் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"என்னையப் பாக்க வரோணும்னா, திருடின்னு எழுதித்தான் வரோணுங்களா?"

அவன் கை சட்டைப்பைவரை போனது. படிவத்தை எடுக்கவில்லை.

மறுநாள் மாலை, கேன்களோடு வரிசை நிற்கும்போதே சூசையப்பன் பதிவேட்டைத் திறந்து இரண்டு இருபத்துநான்குகளை அடித்து, இருபத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்திட்டான். தப்பு மீட்டரிலா ஆளிலா என்று பிரதீப் கேட்டார்.

"ஆளுதானுங்க."

அப்படியானால் கமிட்டி கூடி முடிவெடுக்கட்டும், இன்றைய வரிசை முடிந்ததும் அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போ என்றார் பிரதீப். வரிசையில் யாரோ, "ஏனப்பா, கட்டுத்தரையில அப்பிடி என்னத்த அளந்தே?" என்றார். கேன்கள் குலுங்கச் சிரித்தார்கள்.

பிலோமியின் முறை வந்தது. அவள் சிரிக்கவில்லை. பாலை ஊற்றினாள். அவன் லாக்டோமீட்டரை இறக்கி, இருபத்தெட்டு என்று சத்தமாகச் சொன்னான். நம்பாதவளாக அவள் மேசைமேல் நன்றாகக் குனிந்து, மீட்டரைப் பார்த்தாள், பிறகு அவன் பேனாவைப் பார்த்தாள். அவள் தலையில் ஒட்டியிருந்த தவிட்டுத்தூள் பதிவேட்டில், அவன் எழுத வேண்டிய கட்டத்துக்குள் உதிர்ந்தது. அவன் அதை ஊதித் தள்ளாமல் பேனாவை உயர்த்திப் பிடித்தபடி இருந்தான். பின்னால் வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது.