ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா

மனைவியின் மேல் போர்த்தியிருந்த துணியின் ஓரத்தை அவர் சரிசெய்துகொண்டிருந்தபோது, அலமாரி மேல் இருந்த அவளுடைய போன் அடித்தது. ஞாயிறு, மாலை நாலு மணி. கூடத்தில் பேச்சு நின்றது.

மகள் எடுத்துப் பார்த்தாள். "நர்ஸம்மாப்பா. கட் பண்ணிடவா?"

வேண்டாம் என்று தலையசைத்தார். அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது.

முந்தின நாள் காலை துணி உலர்த்தப் போன இடத்தில் விழுந்தவள், அப்புறம் கண் திறக்கவேயில்லை. முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். ஊர் உலகத்துக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் எங்கேயும் போகாதவள். பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை. ஓய்வுபெற்ற மறுமாதம் இத்தாலிய மொழி படிக்கப்போவதாகச் சொன்னாள். அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். யாருமில்லை, லைனில் கேட்டபோதெல்லாம் காதுக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான் என்றாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே வினைச்சொற்களை முணுமுணுப்பாள். சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டாள் என்று பஸ் டிப்போ நண்பர்களிடம் சொல்லி அவர் சிரித்ததுண்டு.

மூன்றாம் வருஷம் இணையத்தில் எப்படியோ இத்தாலியில் இருக்கும் இந்த ஓய்வுபெற்ற நர்ஸைப் பிடித்தாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறியதில்லை. நர்ஸம்மாவின் முழங்கால் வலி, அவளுக்குப் போன் பண்ணாத மகன், அங்கே பெய்த மழை. பேசி முடித்ததும் எல்லாவற்றையும் அவரிடம் ஒருமுறை தமிழில் சொல்லுவாள். அவர் பாதிதான் கேட்பார்.

போனையும் அவளுடைய நோட்டையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். இறந்துவிட்டாள் என்பதற்கான சொல்லை நோட்டில் தேடினார். இருந்தது, 'பூனை செத்துவிட்டது' என்ற உதாரணத்தோடு. நோட்டை மூடிவிட்டார்.

மூன்றாவது முறை அடித்ததும் எடுத்தார். அந்தப் பக்கம் குரல் மளமளவென்று கொட்டியது.

"பியானோ, பியானோ" என்றார். மெதுவாக, மெதுவாக. வாசிக்கிற பியானோவா என்று மனைவியைக் கேலி செய்து செய்தே அவருக்கு மனப்பாடமான வார்த்தை.

குரல் நின்றது. பிறகு மனைவியின் பெயரைக் கேள்வியாகச் சொன்னது.

"நோன் சே." இல்லை. வெளியே போயிருக்கிறாள் என்றாலும் அதையேதான் சொல்வார்கள்.

"தொமானி?"

நாளைக்கா என்று கேட்கிறாள். "நோ" என்றார்.

"தொமேனிகா?"

அது ஞாயிறு. ஒவ்வொரு வாரமும் போனை வைக்கும் முன் மனைவி கடைசியாகச் சொல்வது அதைத்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நோ. தொமேனிகா நோ."

அங்கே ஏதோ கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. அப்புறம் நர்ஸம்மா பேசத் தொடங்கினாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆமாம் என்பதற்கான சொல் தெரியும். இடையிடையே "சி" என்றார்.

மகள் நிலைப்படியில் வந்து நின்றாள். "அப்பா, வண்டி வந்துடுச்சு. எல்லாரும் எழுந்துட்டாங்க."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் கையை மட்டும் லேசாக உயர்த்தினார். அவள் திரும்பிப் போய் என்னவோ சொன்னாள். கூடத்தில் நாற்காலிகள் ஒவ்வொன்றாக மறுபடி இழுபட்டன.