நடுவில் ஒரு வெள்ளை ஓட்டை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். 1994 மே மாதம் முழுக்க வந்தது.

தாம்பரத்தில் கிணற்று நீரை அளக்கும் ஒரு சின்ன ஆபீஸ் எங்களுடையது. எங்கெங்கே எவ்வளவு உப்பு என்று கம்ப்யூட்டரில் கலர் படம் போடுவது என் வேலை. நல்ல தண்ணீருக்கு நீலம், உப்புக்குச் சிவப்பு. சிவப்பு விழுந்த தெருக்களுக்குத் தண்ணீர் லாரி விடுவார்கள். அந்தப் படத்தில் சேலையூர்ப் பக்கம் ஒரு தெரு மட்டும் வெள்ளை ஓட்டையாக நின்றது. அன்று சாயங்காலத்துக்குள் படம் மேலிடத்துக்குப் போக வேண்டும்.

புரோகிராமைத்தான் முதலில் திட்டினேன். அதை மாற்றினேன், இதை மாற்றினேன், ஓட்டை அசையவில்லை. கடைசியில், தண்ணீர் பிடித்து மீட்டரில் அளந்து வரும் சம்பத்தின் நோட்டைப் புரட்டினால், ஏழு கிணறுகளுக்கு எதிரே எண்ணே இல்லை.

"என்ன சம்பத்து, அந்தத் தெருவுக்குப் போகவே இல்லையா?"

"போனேங்கா. கெணத்துக் கல்லெல்லாம் உப்பு பூத்துக் கீது. ஆனா வூட்டுக்காரங்க பாட்டில்ல புடிச்சுக் குடுத்த தண்ணி சுத்தம்னு மீட்டர் காட்டுது. மீட்டர் கெட்டுப் பூட்ச்சுன்னு எழுதாம வுட்டேன்."

"வந்து சொல்ல வாயில்லையா உனக்கு?"

தலையைச் சொறிந்தான். மீட்டரை எடுத்துக்கொண்டு நானே பஸ் பிடித்துப் போனேன்.

முதல் வீடு தபீதாளுடையது. பாட்டிலை நீட்டி, கிணற்றுத் தண்ணீர் வேண்டும் என்றேன். கிணறு கொல்லையில் இருந்தது. அவள் சமையலறைக்குள் போய் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"எதுலக்கா புடிச்சீங்க?"

"கொடத்துலதான். மாடம்பாக்கத்துலேர்ந்து சைக்கிள்ல கொண்ணாந்தது. வூட்டுக்கு வந்தவங்களுக்குக் கெணத்துத் தண்ணி குடுக்கிறதா? அசிங்கமா இருக்காது?"

ஏழு வீட்டிலும் இதே கதை. நானே வாளி விட்டு இறைத்தேன். ஏழு கிணற்றிலும் மீட்டர் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டியது. அந்தத் தெரு முழுக்கச் சிவப்பு.

மூன்று மணிக்கு ஓடி வந்தால், எங்கள் அதிகாரி ஏகநாதன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"படம் மத்தியானமே போயிடுச்சும்மா. சுத்தி இருக்கற கிணறுங்களோட சராசரியைப் போட்டு அடைச்சேன். நீலமா வந்துடுச்சு."

"யாரைக் கேட்டு அடைச்சீங்க சார்?"

"ஓட்டையோட அனுப்பினா என்னைத்தானே கேப்பாங்க."

"அதுக்கு ஒரு தெருவையே உப்புல தள்ளுவீங்களா? வெட்கமா இல்ல?"

"அடுத்த வருஷம் திருத்திக்கலாம்மா" என்றார். நோட்டை அவர் மேஜையில் வீசினேன். டீ கொட்டியது. கொட்டட்டும்.

மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. லாரிப் பட்டியல் வந்தது, அந்தத் தெரு அதில் இல்லை. நேரில் போய்த் தபீதாளிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ, அன்னிக்கு மொதல்ல வந்த ஆளுக்குக் கெணத்துத் தண்ணியவே குடுத்திருந்தா லாரி வந்திருக்குமா?"



"தப்பு எங்க ஆபீசுதுக்கா" என்றேன்.

அவள் நம்பவில்லை.